சூட்டில் கெட்ட முடியும் அடங்காத பரட்டையும்

ஷாம்பு பாட்டிலின் முன்பக்கத்தில் 'ரிப்பேர்' என்று போட்டிருந்தால் உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிடுவேன். முன்னால் இருப்பது விளம்பரம். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதுதான் சரக்கு. தலைத்தோலை விட்டு வெளியே வந்துவிட்ட முடியில் உயிருள்ள அணு எதுவும் கிடையாது. தோல் கீறினால் ஆறும், எலும்பு முறிந்தால் கூடும். முடி கெட்டால் கெட்டதுதான். அதை மறைக்கலாம், மேலும் உடையாமல் பார்த்துக்கொள்ளலாம், புது முடி வளர வளரப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தள்ளலாம். நம் கையில் இருப்பது இவ்வளவுதான். இது புரிந்த பிறகு எனக்குச் செலவும் குறைந்தது, தலையும் பார்க்கும்படி ஆனது.

எனக்குப் பிறவியிலேயே அலையலையான, அடர்த்தியான முடி. பார்த்ததோ கேமரா முன்னால் நிற்கிற வேலை. மேக்கப் அறையில் போய் உட்கார்ந்ததுமே ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்கிவிடுவார்கள். விளக்குச் சூட்டில் வேர்த்து முன்முடி சுருண்டுகொண்டால் இடையில் இன்னொரு தடவை இழுப்பார்கள். பல வருஷம் இப்படியே ஓடியது. அந்த வேலையிலிருந்து வெளியே வந்து, சூடே காட்டாமல் முடியை விட்டபோதுதான் நிலவரம் தெரிந்தது. காதுக்கு மேலே என் பழைய அலை திரும்பி வந்தது. காதுக்குக் கீழே வரவே இல்லை. அங்கே முடி நேராகவும் இல்லை, வளைவாகவும் இல்லை. விறைத்துப்போய், நுனி நிறம் மங்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது. உச்சியில் குட்டை முடிகள் சிலும்பிக்கொண்டு நிற்கும். எண்ணெய் வைத்தால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும், அடங்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான். ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி, வேரிலிருந்து நுனியைப் பார்த்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. நல்ல முடியில் தண்ணீர் சட்டென்று ஊறாமல் இருப்பது அதனால்தான். செதிலுக்கு உள்ளே இருப்பது கெராட்டின் என்ற புரதம். முடிக்கு வலுவும் வளைவும் தருவது அது. நன்றாக உலர்ந்த முடியில் இந்தப் புரதம் 220, 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் குலைகிறது. நனைந்த முடியில் 150, 160 டிகிரியிலேயே குலைந்துவிடும். பல ஸ்ட்ரெய்ட்னர்கள் 230 டிகிரி வரை போகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வெந்து குலைந்த புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. என் காதுக்குக் கீழே அலை வராததற்குக் காரணம் அதுதான். எந்த ஹேர் மாஸ்க்காலும் அதை வரவழைக்க முடியாது.

ஈர முடியில் சூடு வைத்தால் இன்னொரு கேடும் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் முடிக்குள்ளேயே குமிழ் குமிழாக உப்பிவிடும். தோல் மருத்துவத்தில் இதற்கு 'பபுள் ஹேர்' என்றே பெயர். அந்தக் குமிழ் இருக்கிற இடத்தில் முடி பட்டென்று ஒடியும். ஸ்ட்ரெய்ட்னர் வைக்கும்போது 'சுர்ர்' என்று சத்தம் வந்து புகை கிளம்பினால், கிரீம்தான் ஆவியாகிறது என்று சமாதானம் சொல்வார்கள். கிரீமாகவும் இருக்கலாம், முடிக்குள் மிச்சமிருந்த தண்ணீராகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்தச் சத்தம் கேட்டால் கருவியைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

இனி பரட்டைக்கு வருவோம். எல்லாப் பரட்டையும் ஒன்றல்ல. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து, சீப்பில் வந்த முடிகளையும் தோளில் உதிர்ந்த துண்டுகளையும் வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்ததில் பிடிபட்டது. சில முடிகள் முழு நீளத்தில் இருந்தன, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிந்தது. அது வேரோடு இயல்பாக உதிர்ந்த முடி. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கம்தான். ஆனால் பெரும்பாலானவை விரல் நீளத் துண்டுகள், இரண்டு முனையிலும் குமிழ் இல்லை. நடுவில் ஒடிந்து விழுந்தவை. சில துண்டுகளில் பொடுகு ஒட்டிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நகத்தால் தள்ளினால் அவை நகரவில்லை. அந்தப் புள்ளியை நடுவில் வைத்து லேசாக வளைத்தேன். சரியாக அங்கேயே ஒடிந்தது. செதில் கழன்று, உள்நார் பிரிந்து, துடைப்பம் மாதிரி விரிந்துபோன இடம்தான் அந்தப் புள்ளி.

அன்றோடு எனக்கு 'முடி கொட்டுகிறது' என்ற பயம் போய், 'முடி ஒடிகிறது' என்ற தெளிவு வந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கொட்டுவதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கலாம்: இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, காய்ச்சல் வந்து போனது, பிரசவம். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கையிலும் சீப்பிலும் துண்டிலும் இருக்கிறது.

ஒடிந்த முடியால் வரும் பரட்டை ஒரு வகை. இன்னொன்று ஈரக்காற்றால் வருவது. செதிலும் கொழுப்புப் படலமும் போன முடி காற்றிலிருக்கும் ஈரத்தைத் தாறுமாறாக உறிஞ்சும். ஒரு முடி அதிகம் உப்பும், பக்கத்து முடி குறைவாக உப்பும், ஆளுக்கொரு பக்கம் வளையும். மூன்றாவது வகை உண்மையில் பரட்டையே இல்லை. சுருள் அல்லது அலை முடியை நேர்முடி என்று நினைத்து உலர்ந்த பின் சீவினால், சேர்ந்து அலையாக நிற்க வேண்டியவை தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். 'என் முடி ஒரே பரட்டை' என்று நொந்துகொள்பவர்களில் நல்ல அலைமுடிக்காரர்கள் எத்தனையோ பேர். என்னிடம் மூன்றுமே இருந்தன.

வெட்டுவதா வேண்டாமா என்பதுதான் முதல் கேள்வி. நான் போன இடத்தில் முடிவெட்டும் பெண் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், தோள் வரைக்கும் எடுத்துடலாம், ரெண்டு வருஷக் கவலை இன்னிக்கே தீரும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மனசு வரவில்லை. "பிளந்ததை மட்டும் எடுங்க, மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்" என்றேன். "சரி, ஆனா மூணு மாசம் தாண்டாம வந்துடணும். நுனி பிளந்தா மேலே ஏறிட்டே போகும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். பிளந்த நுனியை ஒட்டவைக்கும் சீரம் என்று விற்கிறார்களே, அது அடுத்த தலைக்குளியல் வரைதான் ஒட்டியிருக்கும். நானே வீட்டில் இன்னொரு வேலையும் செய்தேன்: சின்னக் கற்றையை எடுத்து முறுக்கினால் பிளந்த நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அவற்றை மட்டும் நறுக்குவது. முடிவெட்டும் கத்தரியால்தான் செய்ய வேண்டும். காகிதம் வெட்டும் மழுங்கல் கத்தரி முடியை நசுக்கி, அங்கேயே புதுப் பிளவை ஆரம்பித்து வைக்கும்.

உண்மையான மாற்றம் வந்தது குளியலறையில். தலைக்குக் குளிக்கும்போது முடி தண்ணீரில் ஊதி, உலரும்போது சுருங்குகிறது. கெட்ட முடி அதிகம் ஊறும், ஊறும்போதெல்லாம் உள்ளிருக்கும் புரதத்தில் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். இதைக் குறைக்கக் குளிப்பதற்கு முன்பே எண்ணெய் வைப்பது உதவுகிறது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலிருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் இறங்குகிறது. மற்றவை மேலேயே நின்றுவிடுகின்றன. இதற்காக எண்ணெயை வழிய வழிய வைக்க வேண்டியதில்லை. காதுக்குக் கீழே மட்டும், முடி பளபளக்கிற அளவுக்குத் தடவி, ஒரு மணி நேரம் கழித்துக் குளிப்பேன். நிறைய வைத்தால் அதைப் போக்க இரண்டு மடங்கு ஷாம்பு போட வேண்டிவரும், வைத்ததன் பலன் அதிலேயே போய்விடும்.

ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு. கேட்கச் சாதாரணமாக இருக்கும், செய்து பார்த்தால் பழக்கம் விடாது. கை தானாக முடி முழுவதையும் உச்சிக்குச் சுருட்டி நுரையில் கசக்கும். அப்படிக் கசக்கியதில்தான் என் சிக்கில் பாதி வந்தது. இப்போது விரல் நுனியால் தோலை மட்டும் தேய்க்கிறேன், வழிந்து இறங்கும் நுரையே நீள முடிக்குப் போதும். பிறகு ஒரு சின்ன விஷயம், ஆனால் பலன் பெரியது: கண்டிஷனர் போடும் முன் முடியிலிருக்கும் தண்ணீரைக் கையால் பிழிந்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட இருக்கும் முடியில் போட்டால் கண்டிஷனர் தண்ணீரோடு வழுக்கிக் கீழே போய்விடும். போட்ட பிறகு அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே மேலே போக வேண்டும். அலைமுடிக்கும் சுருள்முடிக்கும் சிக்கெடுக்க இதுதான் நேரம். நேர்முடிக்காரர்கள் முக்கால்வாசி உலர்ந்த பின் சீவுவது நல்லது. நனைந்த முடி சுமார் 30 சதவீதம் வரை இழுத்தால் நீண்டு திரும்பும், அதற்கு மேல் போனால் பழைய நிலைக்குத் திரும்பாது.

கண்டிஷனர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதன் மேல் எனக்கு மரியாதை கூடியது. கெட்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரில் இருக்கும் பெஹென்ட்ரைமோனியம், செட்ரைமோனியம் போன்றவை நேர்மின்னூட்டம் உள்ளவை. எங்கே அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கே போய் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. அமோடைமெத்திகோன் என்ற சிலிக்கோனும் இதே மாதிரிதான். சிலிக்கோன் என்றாலே விஷம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, நான் அதை ஏற்பதில்லை. போன கொழுப்புப் படலத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய பூச்சு கிடைக்கிறது, முடிகள் உரசாமல் வழுக்குகின்றன, உடைவது குறைகிறது. படிந்து கனமாகிவிட்டது என்று தோன்றினால் எப்போதாவது கொஞ்சம் வலுவான ஷாம்பு போட்டால் போகும். உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு அந்த ஷாம்புவில் ஈடிடிஏ இருந்தால் இன்னும் நல்லது. கால்சியம், மக்னீசியம் படிவை அது பிடித்து இழுத்துவிடும்.

புரத மாஸ்க்கில் மட்டும் கவனம் வேண்டும். சிறு துண்டுகளாக உடைத்த புரதம் செதில் போன இடங்களில் ஒட்டி விறைப்புத் தருகிறது. ஈரமாக இருக்கும்போது ரப்பராக இழுபடும் முடிக்கு அது தேவை. ஏற்கெனவே விறைத்து, இழுத்ததும் ஒடியும் முடிக்கு அதையே வாரா வாரம் போட்டால் இன்னும் விறைக்கும். நான் ஒரே ஒரு முடியை நனைத்து இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக இழுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். தண்ணீர் டம்ளரில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை விட இது எவ்வளவோ மேல். அந்த டம்ளர் சோதனையில் முடியில் கொஞ்சம் சீரம் இருந்தாலே மிதக்கும்.

உலர்த்துவதில்தான் என் எண்ணம் அடியோடு மாறியது. ஹேர் டிரையர் வில்லன், காற்றில் காயவிடுவதே உத்தமம் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். 2011-ல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. டிரையரைக் கிட்டே வைத்து அதிகச் சூடு காட்டக் காட்ட முடியின் மேற்பரப்பு அதிகம் கெட்டது உண்மை. ஆனால் தானாகக் காயவிட்ட முடியில், செதில்களை ஒட்டிவைக்கும் உள்சவ்வில் சேதம் தெரிந்தது. நெடுநேரம் நனைந்தே இருந்ததால் அது உப்பியிருக்கலாம் என்றார்கள். 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்துவது காற்றில் காயவிடுவதைவிடக் குறைந்த கெடுதல் என்பது அவர்கள் முடிவு. ஒரே ஆய்வு, அதனால் வேதவாக்காக எடுக்க வேண்டாம். எனக்கு ஒத்துவந்தது. பாதி காற்றில், மீதி டிரையரில், குறைந்த சூட்டில். காற்று எப்போதும் வேரிலிருந்து நுனியைப் பார்த்து வர வேண்டும். கீழிருந்து மேலே அடித்தால் செதில்கள் நிமிர்ந்து பரட்டைதான் மிஞ்சும்.

துண்டால் தலையைத் தேய்ப்பதை அறவே நிறுத்தினேன். பழைய பருத்தி டிசர்ட்டால் கற்றை கற்றையாகப் பிடித்து அழுத்துவதோடு சரி. அந்த ஈரத்திலேயே, கழுவாமல் அப்படியே விடும் லீவ்-இன் கிரீம் கொஞ்சம், அதன் மேல் ஜெல் கொஞ்சம். அப்புறம் முழுக்க உலரும் வரை கையே வைக்கக் கூடாது. இதுதான் கஷ்டம்! உலர்ந்ததும் முடி ஜெல்லால் மொறமொறவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முடியை மெதுவாகக் கசக்கினால் மொறமொறப்பு உடைந்து அலை மட்டும் நிற்கும். பாதி உலர்ந்தபோது விரலை விட்டுக் கோதினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் பொருட்பட்டியலில் கிளிசரின் முன்னாலேயே வரும் கிரீமை ஒதுக்கிவைக்கிறேன், அது காற்றின் ஈரத்தை முடிக்கு இழுத்துவிடும். அந்த நாட்களில் சிலிக்கோன் சீரம்தான் கைகொடுக்கிறது.

இடையில் ஒரு பார்லரில், முடியை நேராக்கிப் படியவைக்கும் கெராட்டின் ட்ரீட்மென்ட் செய்துகொள்ளச் சொன்னார்கள். "இதுல கெமிக்கலே கிடையாது மேடம், வெறும் புரோட்டீன்தான்" என்றார் அங்கிருந்தவர். அடுத்த நாற்காலியில் ஒருவருக்கு அதே ட்ரீட்மென்ட் நடந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரெய்ட்னர் இறங்க இறங்கப் புகை, அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வழிகிறது, செய்பவர் முகத்தில் மாஸ்க். வெறும் புரோட்டீனுக்கு எதற்கு மாஸ்க் என்று எழுந்து வந்துவிட்டேன். இந்த வகைப் பொருட்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூடுபட்டால் அதை வெளிவிடும் மெத்திலீன் கிளைக்காலோ இருக்கும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று விற்பவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கலாம். அதைத் தலையில் போட்ட ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. அதுவும் போக, பூசியதை உள்ளே தள்ள முடிவில் 200 டிகிரிக்கு மேல் ஸ்ட்ரெய்ட்னர் இழுப்பார்கள். சூட்டால் கெட்ட முடிக்கு மேலும் சூடு.

சூடே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏதாவது விசேஷம் என்றால் இன்றும் ஸ்ட்ரெய்ட்னர் எடுக்கிறேன். சூடு எத்தனை டிகிரி என்று காட்டாத கருவியைத் தொடுவதில்லை. மெல்லிய முடிக்கு 150 டிகிரி போதும், என் தடித்த முடிக்கு 180-ஐத் தாண்டுவதில்லை. சூட்டிலிருந்து காக்க என்று விற்கும் ஹீட் ப்ரொடெக்டன்ட் அடித்தால் அது உலர்ந்த பிறகே இழுக்க வேண்டும். அது சூடு ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும், சூட்டையே தடுத்துவிடாது; அடித்துவிட்டோமே என்று 230-க்கு ஏற்றினால் அடிக்காததற்குச் சமம். சின்னக் கற்றையாக எடுத்தால் ஒரே இழுப்பில் நேராகும். பெரிய கற்றையாக எடுத்து ஐந்தாறு தடவை இழுப்பதில்தான் கேடு. நேராக்கிய முடி ஈரம் பட்டதும் திரும்பிவிடும் என்பதால் மழை வரும்போல இருந்தால் நான் அந்த வேலையையே தொடங்குவதில்லை.

தூங்கும்போது வழவழப்பான துணித் தலையணை உறை, இறுக்கமில்லாத பின்னல். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்டு. இவ்வளவு போதும்.

காலம் எவ்வளவு ஆகும் என்றால், முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வளரும். கெட்டது 30 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் கணக்கு வரும். நடுவில், புது அலையும் பழைய விறைப்பும் சேரும் கோட்டில்தான் முடி அதிகம் ஒடியும், அந்த இடத்தில் கண்டிஷனர் கொஞ்சம் கூடுதலாகத் தடவுங்கள், அங்கே வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். உச்சியிலும் வகிட்டிலும் குட்டை முடிகள் எழுந்து நிற்பதைக் கண்டு பலரும் 'இன்னும் ஒடிகிறதே' என்று பதறுகிறார்கள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி கூராக மெலிந்து முடிந்தால் அது புதிதாக முளைத்தது. நுனி மொட்டையாகவோ விரிந்தோ இருந்தால் ஒடிந்தது. சூடு நிறுத்திப் பல மாதம் ஆகியும் மொட்டை நுனிகளே வருகின்றன என்றால் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கூரான நுனிகள் என்றால் மென்மையான டூத் பிரஷ்ஷில் துளி ஜெல் எடுத்துப் படியவைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவை படியவில்லை என்று ஸ்ட்ரெய்ட்னரை மட்டும் காட்டிவிடாதீர்கள்.